தர்மசீலன் பொத்திய வலை

எங்கள் பள்ளிக்கூட வான் சாரதி தர்மசீலனிடம் எதைப் பற்றிக் கேட்டாலும் பதில் 2003ஆம் ஆண்டு உதைபந்தாட்ட இறுதிப் போட்டியில் போய்த்தான் முடியும். வான் சில்லுக்குக் காற்றுப் போனாலும் அப்படித்தான். அந்தப் போட்டியில் எங்கள் ஊர் இலங்கைத்துறைக்கு அவர்தான் கோல் காப்பாளர். கிண்ணியா அணியை 1-0 என்று வென்றார்கள். "ஒரு பந்தையும் உள்ளுக்கு விடேல்ல" என்று பிள்ளைகளிடம் நூறு தரமாவது சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு அவர் கல்யாணம் கட்டியதெல்லாம் சின்னச் செய்திகள்.

அன்று கோல் கம்பத்துக்கு வலை இருக்கவில்லை. தகப்பனின் மீன்வலையைக் கொண்டுபோய்க் கட்டியவர் தர்மசீலன். திருகோணமலையில் விளையாட்டு நூதனசாலை ஒன்று திறக்கப் பழைய பொருட்கள் கேட்டபோது, அதே வலையைப் பெருமையோடு கொடுத்தனுப்பியவரும் அவரே.

ஆகவே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை நான் அங்கே கூட்டிப்போன நாளில், எங்கள் எல்லாருக்கும் முன்னால் உள்ளே போனவர் அவர்தான். போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மேசைக்குப் பின்னால் இருந்த பொறுப்பாளர் ஸைனுலாப்தீன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"வா மச்சான், வா. இருபது வருசமா உன்னைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

அவர் அன்று கிண்ணியாவுக்கு ஆடியவர். கடைசி நிமிடத்தில் அவர் அடித்த பந்தை நடுவர் வெளியே என்று சொல்லிவிட்டார். தர்மசீலனும் கையை உயர்த்தி வெளியே என்றுதான் சொன்னார்.

"கம்பத்துக்கு உள்ளால போய், வலை ஓட்டைக்குள்ளால வெளியில போனது" என்றார் ஸைனுலாப்தீன்.

"வலையை நீதானே கண்ணாடிக்குள்ள வைச்சிருக்கிறாய். ஓட்டை இருக்கோ?"

"ஒவ்வொரு நாளும் பாக்கிறன். இல்லை."

ஸைனுலாப்தீன் கடைக்காரர் மகன்; அவருக்கு வலையைப் பற்றி என்ன தெரியும்? எங்கள் பிள்ளைகளோ கிண்ணங்களையும் பதக்கங்களையும் விட்டுவிட்டு வலை இருந்த கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார்கள். வீட்டில் அப்பா கிழிந்த வலையைப் பொத்தும்போது நூல் சுற்றிக் கொடுக்கும் மதிவதனா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், இதில பொத்தியிருக்கு. வெள்ளை வலையில பச்சை நூல்."

தர்மசீலன் இருமினார்.

"சீலன் மாமா பொத்தினதுதான். எங்கட வலையையும் இப்பிடித்தான் தடிச்ச முடிச்சாப் போட்டுத் தந்தவர். அப்பா ஏசினவர்."

"அது சுறா கடிச்சது" என்றார் தர்மசீலன்.

"சுறா வட்டமாக் கடிக்குமோ மாமா?" என்று கேட்டான் ரஜீவன்.

ஸைனுலாப்தீன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். பக்கத்துத் தட்டிலிருந்த பழைய பந்தை எடுத்துப் பச்சை நூலின் மேல் பிடித்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. பொருட்களைத் தொடவேண்டாம் என்ற பலகை அவர் தலைக்கு நேர் மேலே தொங்கியது.

"அப்ப, ஆட்டம் முடிஞ்ச கையோட பொத்திப்போட்டாய்?"

"பின்ன, கிழிஞ்ச வலையை அப்பாட்டக் குடுக்க ஏலுமோ? பச்சை நூல்தான் கிடந்தது."

"பந்து உள்ளுக்குப் போனதைக் கண்டனீங்களோ மாமா?" மதிவதனா விடவில்லை.

தர்மசீலன் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"கண்டனான்."

ஸைனுலாப்தீன் கத்துவார் என்று நினைத்தேன். அவர் பந்தோடு முற்றத்துக்கு நடந்தார். இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைத் தள்ளித் தள்ளி வைத்தார்.

"நில்லடா. திருப்பி அடிக்கிறன்."

தர்மசீலன் கதிரைகளுக்கு நடுவே போய் நின்றார். ஸைனுலாப்தீன் பத்து அடி பின்னுக்குப் போய், வயிற்றை உள்ளே இழுத்து, ஓடிவந்து அடித்தார். பந்து வலப்பக்கக் கதிரைக்கு வெளியே ஆறடி தள்ளிப் போய், காவலாளியின் சைக்கிளை விழுத்தியது.

"வெளியில! வெளியில!" பிள்ளைகள் குதித்தார்கள்.

தர்மசீலன் சைக்கிளைப் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற ஸைனுலாப்தீனின் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தினார்.

"கோல்."

"மாமா! வெளியிலயெல்லோ போனது!"

"கோலுக்க நிண்டது நானோ நீங்களோ?"

ஸைனுலாப்தீன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஓம், உள்ளுக்குத்தான்" என்றார் மிகவும் மரியாதையாக. பிறகு வலைக்குப் பக்கத்தில் வைக்க ஒரு புது அட்டையை என்னிடம் நீட்டினார். தமிழிலும் ஆங்கிலத்திலும் 1-1 என்று எழுதிக் கொடுத்தேன்.

திரும்பி வரும் வழியில் கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் தர்மசீலன் கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்த்தார்.

"அந்த ஆட்டத்தில நான் ஒரேயொரு பந்தைத்தான் விட்டனான், தெரியுமோ?" என்று தொடங்கினார்.