சொல்லி விற்ற நாற்காலி

"கடைய வித்துட்டேன் ராஜமேரி" என்றார் மாதையன்.

"யாருக்குங்கண்ணா?"

"பெங்களூர்க் கம்பெனிக்கு. நாலு மிஷினு, போர்டு, பேனு, எல்லாம் சேர்த்து."

"அப்ப நானு?"

"உன்னையும் சொல்லித்தான் வித்திருக்கேன். இந்த நாற்காலி செபாஸ்டின் சம்சாரத்துதுன்னு சொன்னேன். சரின்னு தலையாட்டுனாங்க."

"மாட்ட வித்தாலும் கயித்தக் குடுக்க மாட்டீங்களே. என்னைய மட்டும் சேத்துக் குடுத்துட்டீங்க."

"நீ என்ன கயிறா?" என்று மாதையன் சிரித்தார். ராஜமேரியும் சிரித்தாள்.

டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து, அவளோடு சேர்ந்து வீட்டுக்குப் போக வாசலில் காத்திருந்த பிலோமினா அந்தப் பேச்சை முழுவதும் கேட்டாள். எண்பத்தாறாம் வருடம் அது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சைக்கிள் கடையை ஒட்டி இருந்தது மாதையனின் வீடியோ கேம் கடை. மிஷின்களைப் பழுது பார்த்து வந்த செபாஸ்டின் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்ததும், காசு வாங்கிக்கொண்டு மிஷினில் போடும் டோக்கன் கொடுக்கிற நாற்காலியில் அவன் மனைவியை உட்கார வைத்தவர் அவர்தான்.

அந்த நாற்காலி இல்லையென்றால் ராஜமேரி கோவிலூரில் அண்ணன் வீட்டுக்குத்தான் போயாக வேண்டும். அண்ணி சோறு போடும்போது கரண்டி தட்டில் இடிக்கிற சத்தத்தை அவள் ஏற்கெனவே ஒரு மாதம் கேட்டு வந்தவள். தன் வீட்டைத் தானே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போவதில் அவளுக்கு எவ்வளவு பெருமை என்பது பக்கத்து வீட்டுப் பிலோமினாவுக்குத் தெரியும்.

பெங்களூர்க்காரர்கள் வந்தார்கள். போர்டு மாறியது. மாதையன் காலத்துப் பித்தளை டோக்கன் போய்ப் பெரிதாக ஒன்று வந்தது. ராஜமேரியை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. மாதையண்ணன் சொல்லித்தான் விற்றிருக்கிறார் என்று அவள் நிம்மதியானாள்.

அந்த நிம்மதியில்தான் பழைய டோக்கன்களையும் வாங்கிக்கொண்டாள். அதிகம் கொண்டுவந்தவர் வத்தல்மலை வேடியப்பன். சாமை விற்க மலையிறங்கி வருகிறவர், ஒரே தடவையில் கை நிறைய டோக்கன் வாங்கி மடியில் முடிந்துகொண்டு போவார். அடுத்து எப்போது வருவாரோ அவருக்கே தெரியாது.

"வேடியப்பண்ணா, இது செல்லாத காசுங்க."

"காசு வாங்கிக்கிட்டுத்தானே தாயி குடுத்தே?"

"வாங்கினேன்தான். போய் ஆடுங்க." பழையதை ஒரு டப்பாவில் போட்டுவிட்டுப் புதியதை எடுத்துக் கொடுப்பாள்.

மிஷின் திரையில் வரிசையாக இறங்கி வரும் கப்பல்களைச் சுட்டபடியே வேடியப்பன் சொல்வார்: "எங்க கொல்லைக்கு வர்ற பன்னியும் இப்படி வரிசையா வந்தா எவ்வளவு நல்லாருக்கும்." ஆட வந்த காலேஜ் பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

மறு வருடம் அந்தப் பெங்களூர்க் கம்பெனி மெட்ராஸ் கம்பெனி ஒன்றோடு சேர்ந்துவிட்டது. மெட்ராஸ்காரர்களுக்குச் சினிமா கொட்டகை அருகில் ஏற்கெனவே ஒரு கடை இருந்தது, அதில் ஆட்களும் இருந்தார்கள். இரண்டையும் ஒன்றாக்க ஒரு மேனேஜர் வந்தார். அவருக்குத் தமிழ் வராது. அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல, கான்வென்டில் படித்த பிலோமினாவை நடுவில் நிற்க வைத்தார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பெண் அவள்.

மேனேஜர் டப்பாவைத் திறந்து பார்த்தார். செல்லாததை ஏன் வாங்கினாய் என்று கேட்டார்.

"மாதையண்ணன் குடுத்ததுங்க. கடை அதே கடைதானுங்களே" என்றாள் ராஜமேரி.

அவர் கோபப்படவில்லை. கம்பெனி வாங்கியது மிஷின்களைத்தான், விற்றவர் கொடுத்த வாக்கை அல்ல என்றார். நாற்காலியைப் பற்றித் தன்னிடம் யாரும் சொல்லவில்லை, நாளையிலிருந்து டோக்கன் கொடுக்கத் தங்கள் ஆட்களே போதும் என்றும் சொன்னார். இதைக் கொஞ்சம் மென்மையாகச் சொல்லப் பிலோமினா தமிழில் வார்த்தை தேடினாள்.

"இருக்கறத அப்படியே சொல்லு பிலோமி" என்றாள் ராஜமேரி.

பிலோமினா சொன்னாள். ராஜமேரி முந்தானையால் நாலு மிஷின்களின் கண்ணாடியையும் துடைத்துவிட்டு, கடைச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

மறுநாள் இருவரும் மாதையனின் ஊரான இண்டூருக்குப் போய் அவரைப் பார்த்தார்கள். அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "நான் சொன்னேன் தாயி, பொய் இல்ல. நான் சொன்ன ஆளே இப்ப அந்தக் கம்பெனியில இல்லையாம். நான் யாரப் போய்க் கேக்கறது?"

அவர் பொய் சொல்லவில்லை என்பது ராஜமேரிக்கும் தெரிந்தது.

மாதம் முடிந்து வீட்டைக் காலி செய்தாள். கோவிலூர் பஸ்ஸுக்குப் பிலோமினாதான் துணைக்குப் போனாள். துணி மூட்டை ஒன்று, புடவையில் சுற்றிய மாதா சுரூபம் ஒன்று, அவ்வளவுதான். பஸ் கிளம்பும்போது ராஜமேரி ஜன்னல் வழியாகக் குனிந்தாள்.

"பிலோமி, நீ தினமும் அந்தப் பக்கம்தானே வர்றே? வேடியப்பண்ணன் மலையிறங்கி வந்தா, கடைக்குள்ள போறதுக்கு முந்தியே பாத்துப் பேசிடு. மடியில இருக்கறது இனிமே செல்லாதுன்னு நீயே பக்குவமா சொல்லு. அந்தக் கம்பெனிக்காரங்க வாயால அவரு கேக்க வேணாம்."