கொளுவிக்குப் பூசிய கறுப்பு

வாசல் படலைக்குப் பூசிய கறுப்புப் பெயின்ற் மிஞ்சிப் போனது என் குற்றமல்ல. அதை என் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தது அம்மாவின் குற்றம். மிச்சமெல்லாம் என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். நாங்கள் வெள்ளவத்தையில் இருந்தோம். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கந்தோரில் மேசை வேலையே வேண்டாமென்று ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, பின்னால் ட்ரெய்லர் பூட்டி, பின்னேரங்களில் கொட்டாஞ்சேனை பேக்கரியிலிருந்து எங்கள் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைகளுக்குப் பாண் கொண்டுவந்தார். அவருக்கு அதில் அப்படியொரு சந்தோசம். அரசாங்கக் கிளார்க்கான அப்பாவுக்கோ மானக்கேடு.

ஆயுத பூசைக்கு முதல்நாள் சித்தப்பா ட்ரெய்லரைக் கழற்றி வைத்து வண்டியைக் கழுவித் துடைத்தார். எல்லாம் பளபளத்தது, மோட்டார் சைக்கிளையும் ட்ரெய்லரையும் இணைக்கிற இரும்புக் கொளுவியைத் தவிர. அவர் குளிக்கப் போன நேரம் அதன் உள்ளும் புறமும் இரண்டு தரம் கறுப்புப் பூசிவிட்டேன். மனுசன் கவனிக்கவேயில்லை. ஒரு வார்த்தை புகழவில்லையே என்று எனக்குக் கோபம் கூட.

பூசை முடிந்த பின்னேரம் ட்ரெய்லரின் பின் லைற் மங்கிவிட்டது. பம்பலப்பிட்டியில் பொலிஸ்காரன் மறித்து, இன்னொரு தரம் இப்படிக் கண்டால் வண்டியைப் பறிப்பேன் என்று சொல்லி அனுப்பினான். அப்பாவுக்குத் தலையிறக்கம்.

"நாளைப் பின்னேரத்துக்குள்ள பிழையைக் கண்டுபிடி. அது உன்ர கவனயீனம் எண்டா, இந்தச் சனியனை வித்துப்போட்டுக் கந்தோருக்கு வா," என்றார்.

மறுநாள் காலையிலிருந்து சித்தப்பா முற்றத்தில் மல்லுக்கட்டினார். பல்ப் மாற்றினார், மங்கல். பற்றரியை சார்ஜ் பண்ணிப் பூட்டினார், மங்கல். புது வயர் இழுத்தார், அதே மங்கல். கடைக்காரர்களின் கண்ணூறு என்று அம்மா செத்தல் மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டா. நாங்கள் எல்லோரும் இருமினோம், லைற் அசையவில்லை.

நாலு மணிபோல், அப்பா வந்து பக்கத்தில் நிற்க, சித்தப்பா ஒரு துண்டு வயரை எடுத்து ஒரு முனையை ட்ரெய்லர் இரும்பிலும் மறுமுனையை மோட்டார் சைக்கிள் இரும்பிலும் பிடித்தார். லைற் சிவப்பாகச் சீறி எரிந்தது! நான் கைதட்டினேன்.

"கரண்ட் போறது வயரால அண்ணை, திரும்பி வாறது இரும்பால. கொளுவியிலதான் தடை," என்று சொல்லிக் கத்தியால் சுரண்டினார். கரண்டை மறித்த கறுப்புப் பெயின்ற் செதில்கள் உதிர்ந்தன. சித்தப்பா அவற்றைப் பார்த்தார். பிறகு கறுப்புக் கறை காய்ந்திருந்த என் சட்டை விளிம்பைப் பார்த்தார். விளிம்பைக் கைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

"ஆர் இதில பெயின்ற் பூசினது?" அப்பாவின் குரலில் எனக்குப் பிரம்பு தெரிந்தது.

"நான்தான் அண்ணை. பூசைக்கு வடிவா இருக்கட்டுமெண்டு பூசினனான்."

"படிச்ச மடையன்! சொன்னது ஞாபகமிருக்குத்தானே?"

"ஓம் அண்ணை."

அப்பாடா, தப்பினேன் என்று உள்ளே ஓடினேன்.

அந்த மாதமே வண்டி மாளிகாவத்தை ஆள் ஒருவருக்குக் கைமாறியது. சித்தப்பா கோட்டைக்கு ரயிலேறி, ஒரு கந்தோரில் கிளார்க்காகச் சேர்ந்தார். போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார். எனக்கு அவரை நினைக்கப் பாவமாக இருந்தது. தான் பூசாததைப் பூசினதாக நினைக்கிற இந்த மறதிக்காரரைக் கந்தோரில் எப்படித்தான் வைத்துச் சமாளிக்கப் போகிறார்களோ என்று கவலைப்பட்டேன்.