கோவையில் இரண்டு ஆசிய உணவகங்களும் ஒரு செபமாலையும்

கொடைக்கானலிலிருந்து கோவைக்குப் போய் நல்ல ஆசியச் சாப்பாடு சாப்பிட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் போனது ஜூலையில் ஒரு சனிக்கிழமை. சாப்பிட மட்டும் போகவில்லை. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு திபெத்தியக் குடும்பம் நடத்திய கடையில் என் அப்பா பதினான்கு வருடம் சமையல்காரர். ஆவியில் வேகும் கறிக் கொழுக்கட்டையான மோமோவும், நூடுல்ஸ் சூப்பான துக்பாவும் அவர் கைதான். மே சீசன் முடிந்ததும் கடையை மூடிவிட்டார்கள். கோவையில் ஓர் உணவகம் அப்பாவைச் சமைத்துக் காட்டச் சொல்லியிருந்தது. அந்த வேலை கிடைத்தால் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். கிடைக்காவிட்டால் கத்தார், இரண்டு வருடம். நான் பதினொன்றாம் வகுப்பு. வழி கேட்டுச் சொல்ல என்னையும் கூட்டிப்போனார்.

"வெள்ளனே கெளம்புனாத்தான் வெரசாப் போய்ச் சேரலாம்" என்று அப்பா 6.30 பஸ்ஸைப் பிடிக்க வைத்தார். பழனிக்கு 65 கி.மீ., ஆளுக்கு 75 ரூபாய். கொண்டை ஊசி வளைவுகளில் காது அடைத்துக்கொண்டது. கீழே இறங்க இறங்கக் காற்றழுத்தம் கூடுவதுதான் காரணம் என்று அப்பாவுக்கு விளக்கினேன்.

"காதுக்கெல்லாம் பாடம் இருக்காக்கும்" என்றார்.

பின் சீட்டில் இருந்த ஓர் அம்மா, "புளிப்பு மிட்டாயி போடு பாப்பா, சரியாப் போகும்" என்றார். சரியாகவும் போனது. நீங்களும் எடுத்துப் போங்கள்.

பழனியிலிருந்து மூன்று மணி நேரம், 110 ரூபாய். 12.30க்கு உக்கடம். நகரத்தில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க முதலில் ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு கொரிய உணவகத்துக்குப் போனோம். ஆட்டோ 120.

"கொரியாக் கடைங்களா? எல்லாத்தையும் குச்சில எடுத்துத் திங்கோணுமுங்க. பசி தீர்றதுக்குள்ள பொழுது எறங்கிரும்" என்றார் ஆட்டோக்காரர்.

விரல் நீள அரிசிக் கொழுக்கட்டைகளை இனிப்பும் உறைப்புமான சிவப்புக் குழம்பில் போட்டுத் தந்தார்கள். 380 ரூபாய். தொட்டுக்கொள்ள நான்கு கிண்ணங்கள் இலவசம், தீர்ந்தால் மறுபடி வைக்கிறார்கள். இருவருக்கு ஒரு தட்டு போதும். அப்பாவுக்கு அதுவும் இறங்கவில்லை.

மூன்று மணிக்கு ஆர்.எஸ்.புரம். இதுதான் அந்த இடம். காத்திருந்தபோது எனக்கு ஒரு கிண்ணம் துக்பா தந்தார்கள் (விலை 260). எலும்புச் சாறு தெளிவாக, நூடுல்ஸ் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தது. நான் சாப்பிட்டதிலேயே சிறந்தது. அப்பா இங்கே சேர்ந்துவிடுவார் என்று நிச்சயமாக நம்பினேன்.

கண்ணாடிக்குப் பின்னால் அப்பா மோமோக்களை மடிப்பது தெரிந்தது. பதினெட்டு மடிப்பு, ஒன்றுபோல் ஒன்று. மற்ற சமையல்காரர்கள் நின்று பார்த்தார்கள். ஆவிப்பாத்திரத்தை மூடிவிட்டு அப்பா உதட்டை அசைக்கத் தொடங்கினார். அவர் கடிகாரம் பார்ப்பதில்லை. மோமோவுக்கு ஒரு முழுச் செபமாலை, அதாவது பத்துப் பத்து மந்திரமாக ஐந்து பத்து. நடுவில் மூடியைத் திறக்கவே கூடாது. எங்கள் ஊர்க் கடையில் பதினான்கு வருடமும் அந்தக் கணக்கு தவறியதில்லை. அன்று ஒவ்வொரு மந்திரத்தையும் இன்னும் நிதானமாகச் சொன்னார். ஏன் என்று எனக்குத் தெரியும்.

மூடியைத் திறந்தபோது மடிப்புகள் கரைந்திருந்தன. எடுத்தால் அடி தட்டோடு ஒட்டிக் கிழிந்தது.

மேலாளர் அக்கா மரியாதையாகத்தான் பேசினார். "உள்ள வச்ச கறி அருமைங்ண்ணா. மாவுதான் கொழகொழன்னு போயிருச்சுங்க. பதினாலு வருசம்னு சொன்னீங்க, அதானுங்க…"

அப்பா, "என் கைக்கு என்ன வந்துச்சுன்னு தெரியலைங்க" என்று மட்டும் சொன்னார். பழனி போய்ச் சேரும்வரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழனியில் தங்கினோம், அறை 600. காலை முதல் பஸ்ஸில் மலையேறும்போது மறுபடி காது அடைத்தது. அப்போதுதான் புரிந்தது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். கொதித்தாலும் எங்கள் ஊரில் அதன் சூடு குறைவு. ஆகவே எதுவும் வேக நேரமாகும். கீழே அதே ஆவி அதிகச் சூடு; அதே நேரம் வைத்தால் மாவு குழைந்துவிடும். இதைத் தேர்வில் எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கியவள் நான். முந்தின நாள் இதே வளைவில் காற்றழுத்தத்தைப் பற்றிப் பேசியவளும் நான்தான்.

அப்பாவிடம் சொன்னேன். அங்கிருந்தே அந்த அக்காவை அழைத்தேன். "ஐயோ, நேத்து சாயங்காலமே வேற ஆளை எடுத்தாச்சு கண்ணு" என்றார்.

அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்: "அப்ப நான் நின்னு நிதானமாச் செபம் சொன்னதுதான் வெனையாப் போச்சா?"

எனக்குப் பதில் தெரியும். பாக்கியிருந்த புளிப்பு மிட்டாயைப் பிரித்து அவர் கையில் வைத்தேன்.

இரண்டு உணவகங்களுக்கும் தாராளமாகப் போங்கள். ஆர்.எஸ்.புரத்தில் துக்பாவைத் தவறவிடாதீர்கள். என்னால் அந்தத் தெருவுக்கு இனிப் போக முடியாது. மலையிலிருந்து கீழே சமைக்கப் போகிறவர்கள் வேகும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துப் பாருங்கள். படித்த பிள்ளை வீட்டில் இருந்தால், படித்ததைச் சமையலறையிலும் சொல்லச் சொல்லுங்கள்.

கத்தார் கடல்மட்டத்தில் இருக்கிறது. அப்பாவின் பாஸ்போர்ட்டுக்குள் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். "மோமோவுக்கு மூன்று பத்து போதும் அப்பா. மீதி இரண்டை இங்கே நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்."