ராணி அக்கா கொடுத்த காசு

நான் பொய் சொன்னேன். மாதா கோயில் மண்டபத்தில், பங்குச் சுவாமி பார்த்திருக்க, கூசாமல் சொன்னேன்!

உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. மொன்றியலில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். இடைக்கால இங்கிலாந்தின் வணிகமும் கடனும் என் பாடம். வெள்ளிக்காசு அரிதாயிருந்த காலம் அது. கம்பளியும் துணியும் தானியமும் பெரும்பாலும் வாய்ச்சொல்லை நம்பியே கைமாறின. வழக்கு வந்தால், கடன்பட்டவன் 'நான் தரவேண்டியது ஒன்றுமில்லை' என்று சத்தியம் செய்வான். அவனை நம்புவதாக ஊரார் பதினொருவர் கூடச் சத்தியம் செய்தால் கடன் தள்ளுபடி. "பொய்ச் சத்தியம் செய்தால்?" என்று மாணவர்கள் சிரிப்பார்கள். பெயர் கெட்டவனுக்கு ஒரு ரொட்டிகூடக் கடனாகக் கிடைக்காது, அந்தப் பயம் போதும் என்று நானும் மிடுக்காகச் சொல்வேன்... படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில்!

மொன்றியலில் நாங்கள் இருக்கும் லாசால் பகுதியில் ராணி அக்கா சீட்டுப் பிடித்தார். கட்டியவர்கள் எல்லாரும் ஒரே கோயில் பங்கு ஆட்கள். ரசீது கேட்பதே அவமரியாதை. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும், எங்கள் கார் யன்னலுக்குள்ளால், அந்த மாதம் சீட்டு விழுந்த என் மச்சானிடம் சீட்டுக்காசை நீட்டினார். மச்சான் என் மனைவியின் அண்ணன். நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். அவர் எண்ணி மடியில் வைத்ததையும் கண்டேன்.

அடுத்த மாதம் மச்சான், காசு கைக்கு வரவே இல்லை என்றார். ஏன் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. மண்டபத்தில் கூட்டம் கூடியது. பங்குச்சபைத் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், நீங்களும் அந்தக் காருக்குள்ளதானே இருந்தனீங்கள். ராணி குடுத்ததைக் கண்டனீங்களோ?"

மச்சான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர் அவர். அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுதான் பட்டம் பெற்றேன். வாயைத் திறந்தால் என் மனைவிக்கு அண்ணன் இல்லை!

"நான் போன் பாத்துக்கொண்டு இருந்தனான். காணேல்லை."

மாஸ்டரே காணவில்லையென்றால் ராணி கொடுத்திருக்க மாட்டாள் என்று தீர்த்துவிட்டார்கள். பதினொரு பேர் எதற்கு? நான் ஒருவனே போதும்! தொழிற்சாலையில் இரண்டு ஷிப்ட் நின்று, அதே தொகையை ராணி அக்கா மச்சானுக்கு மறுபடி கட்டினார். பிறகு அவரிடம் சீட்டுக் கட்ட ஆளில்லை. சீட்டுப் பிடிக்கும் பொறுப்பை என் தலையில் வைத்தார்கள். மறுத்தேன். மறுக்க மறுக்க என் மதிப்புத்தான் கூடியது. காரணத்தைச் சொல்லாமல் எப்படி உதறுவது, நீங்களே சொல்லுங்கள்! மச்சானும் கட்டுகிறார், ஒருநாளும் பிந்தாமல்.

போன கிழமை ராணி அக்கா என் வீட்டுக்கு வந்தார். சீட்டில் சேரக் கேட்டாராம், மற்றவர்கள் விடவில்லையாம்.

"நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் விடுவினம், மாஸ்டர்."

"என்னில கோவம் இல்லையோ அக்கா?"

"உங்களில என்ன கோவம்? காணாததைக் காணேல்லை எண்டு சொன்னியள். அண்டைக்குப் பொய் சொல்லாத ஆள் நீங்கள் ஒராள்தான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம்... வாசலில் நாங்கள் இருவர் மட்டுமே நின்றோம். "ஓம் அக்கா, நான் கதைக்கிறன்" என்றேன்.

முதல் மாதக் காசை அங்கேயே நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.