சிலுவை போட்ட காசுச் சுருள்கள்

மகளின் நர்ஸ் படிப்புக்கு வைத்திருந்த பணத்தில் வெள்ளிக் காசு வாங்கச் சொன்னவர் என் கொழுந்தனார். இது எண்பதுகளின் நடுவில் நடந்தது. பெங்களூரில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. எங்களிடம் இருந்தது முதல் வருடத்துக்கு மட்டும்தான்.

"அண்ணி, அப்படியே கட்டுனா ஒரு வருசம். காசா மலிவா வாங்கி தருமபுரியில வெள்ளி விலைக்குப் போட்டா ரெண்டு வருசத்துக்கும் ஆச்சு."

என் கணவர் உடனே தலையாட்டினார். நான் வேண்டாம் என்றேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அரூரில் கொழுந்தனார் வீட்டுக்கு வியாபாரி வந்தார். ரெக்ஸின் பையிலிருந்து சுருள்களை எடுத்து அடுக்கினார். பழுப்புத் தாளில் சுற்றிப் பசை போட்டு ஒட்டியவை. ஒவ்வொன்றிலும் ஐம்பது ஒரு ரூபாய்க் காசுகள் இருப்பதாகச் சொன்னார். எல்லாவற்றின் மேலும் நீலப் பென்சிலில் ஒரு சிலுவை.

"பழைய கோயில் உண்டியல் காசுங்க. வேதம் சொல்லிக் குடுத்த அந்தக் காலத்து உபதேசியார் கையால சுத்தி, சிலுவை போட்டு வெச்சது."

சிலுவை போட்ட தாளைக் கிழிக்க எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கை வராது. அது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவரே ஒரு சுருளை எடுத்து, நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு பிரித்தார். வெள்ளைக்கார ராஜா தலை போட்ட காசுகள் கொட்டின. ஒவ்வொன்றாகத் தரையில் தட்டினார். எல்லாமே கணீரென்று பேசின. கொழுந்தனார் அப்போதே இரண்டு சுருள் வாங்கி, கண்ணில் ஒற்றி, மாதா சுரூபத்தின் காலடியில் வைத்தார்.

ராஜா தலை இருந்தால் வெள்ளி என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருமுறை வகுப்பில் காந்தப் பாடம் நடத்தும்போது ஒரு பிள்ளை ராஜா தலை ரூபாய் ஒன்றைக் கொண்டுவந்தது. அது தாவிப் போய்க் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. வெள்ளைக்காரன் போகும் சமயத்தில் அடித்த ரூபாய், வெறும் நிக்கல். தலை அதே தலைதான்.

"நான் எடுத்துக் குடுக்கறதப் பிரிங்க" என்றேன்.

"டீச்சரம்மா, ஒண்ணு பிரிச்சதுக்கே நான் சாமியார்கிட்டப் போயி பாவசங்கீர்த்தனம் பண்ணோணும்" என்றார் வியாபாரி. எல்லோரும் சிரித்தார்கள்.

"அண்ணிக்கு ஞாயித்துக்கிழமையும் பரீட்சை வெக்காட்டி சோறு எறங்காது" என்றார் கொழுந்தனார்.

"நாலு பேரு முன்னால மானத்த வாங்காத" என்று கணவர் பல்லைக் கடித்தார்.

நான் எழுந்து, எதிரே இருந்த ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போனேன். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை ஐந்து நிமிடம் கேட்டேன்.

"ஏங்க, ஊசி தொலஞ்சு போச்சுங்களா?"

"இன்னும் தொலையலைங்க" என்றேன்.

திரும்பி வந்து பையின் அடியிலிருந்து நானே ஒரு சுருளை எடுத்தேன். "தாளக் கிழிக்க மாட்டேன். சிலுவைக்கு ஒண்ணும் ஆகாது."

சுருளின் ஓரத்தில் காந்தத்தை வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வியாபாரி சிரித்தார். நடுவுக்கு நகர்த்தினேன். டக்கென்று பிடித்தது. தூக்கினேன். சுருள் முழுவதும் காந்தத்தோடு கூடவே வந்து தொங்கியது. இரண்டு ஓரத்திலும் வெள்ளி, நடுவில் நிக்கல்.

"பழைய பசைங்க, இரும்புத் தூசி கலந்திருக்கும்" என்றார்.

அவர் பிரித்துப் போட்ட தாள் கீழேயே கிடந்தது. அதிலும் அதே பசைதான். அதன் மேல் காந்தத்தை வைத்து எடுத்தேன். தாள் தரையிலேயே கிடந்தது. அவர் பையை மூடினார்.

"நம்பிக்கையில்லாத வூட்ல யாவாரம் பண்ணக் கூடாதுங்க."

இரண்டு சுருளுக்குக் கொழுந்தனார் கொடுத்த பணத்தோடு வியாபாரி போய்விட்டார். அவரை யாரும் தடுக்கவில்லை. நான் மாதா சுரூபத்தின் பக்கம் திரும்பினேன்.

"அங்க காந்தத்தக் கொண்டாராதீங்க அண்ணி." கொழுந்தனாரின் குரல் உடைந்திருந்தது. அதற்குப் பிறகு பல வருடம் அவர் என்னோடு பேசவில்லை.

பஸ்ஸில் பாதி தூரம் வந்தபின் கணவர், "தனியாக் கூப்புட்டுச் சொல்லியிருக்கலாம்" என்றார். தனியாகச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா? அதற்கு முந்தைய இரண்டு வாரமும் நான் தனியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். திமிர் பிடித்தவள் என்று உறவில் பேர் வந்தது. வந்தால் வரட்டும். அந்தச் சுருள்களில் இருக்கவிருந்தது என் பெண்ணின் படிப்பு. அதை ஒரு பென்சில் கோட்டை நம்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை. இன்று அதே ஆள் வந்து உட்கார்ந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் அந்தச் சுருள் காந்தத்தில் தொங்கியதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு உதறுகிறது.

பெங்களூருக்கு மகளோடு நானே போனேன். இரண்டாம் வருடத்துக்கு என்ன செய்வது என்று தெரியாது. கட்டணக் கவுண்டரில் பணத்தை நீட்டியபோது, "ஏம்மா, கை இப்படி நடுங்குது?" என்றாள் மகள்.

"நடுங்கட்டும். ரசீது வாங்கு" என்றேன்.