தஃபீதா சீவாவுக்குப் போனது

தஃபீதாவுக்கு உடம்பு கெட்டுப்போனது தண்ணீரில். நைல் ஆறு கடலை நெருங்கும் பக்கம் அவள் ஊர். எங்கே திரும்பினாலும் நெல் வயல், வாய்க்கால், சேறு. அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு முதல்முதலாக அவள் நாற்று நட இறங்கியபோது பால்பல் முழுசாக விழுந்திருக்கவில்லை. கல்யாணம் ஆன பிறகும் அதே சேறுதான். மகன் ரகபை வரப்பில் துணி விரித்துக் கிடத்திவிட்டு நட்டாள். நடவுக்காரிகளில் கை வேகமும் அவளுக்குத்தான், வாய் வேகமும் அவளுக்குத்தான். அவள் வராத அன்று வயலே ஊமையாகிவிடும் என்று கங்காணி சொல்வார்.

முதலில் முழங்கால் வீங்கியது. பிறகு விரல்கள். ஒவ்வொன்றாக உள்பக்கம் மடங்கி, கடைசியில் ரொட்டியைப் பிய்க்கக்கூடப் பல்லைத்தான் நம்ப வேண்டியிருந்தது. கணவன் பயூமி வாய்க்கால் மோட்டார்களைப் பழுது பார்க்கிறவன். வாயைத் திறந்தால் காற்று உள்ளே போய்விடும் என்பதுபோல இருப்பான். அவன்தான் அவளைத் தெசூக் நகரத்து டாக்டரிடம் கூட்டிப் போனான். டாக்டர் முழங்காலைப் பார்த்ததைவிட நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டதுதான் அதிகம்.

“சின்ன வயசுல காய்ச்சல்ல படுத்திருக்கீங்களாம்மா?”

“எங்க ஊர்ல காய்ச்சல் வராம யாரு வளர்ந்தா?”

“அந்தக் காய்ச்சல் இதயத்துல ஒரு வால்வைக் கெடுத்திருக்கு. இனிமே பாரம் தூக்கக் கூடாது, ரொம்ப சூடு ஆகாது, கோபம் ஆகாது.”

“அப்போ புருஷனும் ஆகாதுன்னு எழுதிக் குடுத்துடுங்க டாக்டர்.”

டாக்டர் சிரித்துவிட்டார். பயூமி சிரிக்கவில்லை. வீடு வரும்வரை மருந்துப் பையை மடியிலேயே வைத்திருந்தான்.

அந்தக் கோடையில் மூன்றாம் வீட்டு ஹமீதா சீவாவுக்குப் போனாள். பாலைவனத்துக்குள் இருக்கிற ஊர். ஆடி வெயிலில் காய்ந்த மணலில் ஆளைக் கழுத்துவரை புதைத்து எடுப்பார்கள். கை கால் வாதம் இறங்கிவிடும் என்று டெல்டா முழுக்கப் பேச்சு. கோல் ஊன்றிப் போன ஹமீதா, கோலைக் கையில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். தஃபீதா கட்டிலில் கிடந்தபடி ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். அன்றைக்குப் பிடித்தது பித்து.

“என்னைக் கூட்டிட்டுப் போ.”

“டாக்டரு என்ன சொன்னாரு?”

“டாக்டரு கக்கூசுக்கு நடந்து போறாரு. நான் போறேனா?”

இப்படியே நெல் அறுத்து, மறுபடி நட்டு, மறுபடி அறுத்தார்கள். அடுத்த கோடையில் பயூமி மோட்டார்ச் சாமான்களை மூட்டை கட்டி மூலையில் வைத்தான். “கிளம்பு” என்றான்.

அலெக்சாந்திரியாவில் விடியலில் பஸ். கடலோரமாக மேற்கே போகும்வரை காற்றில் உப்பும் ஈரமும் இருந்தது. மத்ரூஹ் தாண்டித் தெற்கே திரும்பியதும் எல்லாம் நின்றது. மரமில்லை, வீடில்லை, தந்திக் கம்பத்தைத் தவிர நிழல் போட எதுவுமில்லை. பஸ் ஜன்னல் கம்பியைத் தொட்டவர்கள் கையை உதறினார்கள். சோதனைச் சாவடியில் ஏறிய சிப்பாய்ப் பையன் உதடு வெடித்து நின்றான். தஃபீதாவின் மடங்கிய கையைப் பார்த்ததும் அடையாள அட்டையைக் கேட்காமலே இறங்கிவிட்டான்.

பாதி வழியில் டீக்கு நிறுத்தினார்கள். மற்றவர்கள் இறங்கினார்கள். பயூமி கண்ணாடித் தம்ளரை அவள் வாயில் வைத்துப் பிடித்திருந்தான்.

“இந்தாய்யா, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. அங்க போயி நெஞ்சு, வால்வுன்னு வாயைத் திறந்தியோ, அவ்வளவுதான்.”

“கேட்டா?”

“கேட்டா என்ன? உனக்குத்தான் பேசவே வராதே. புதுசா என்ன பேச்சு?”

அவன் தம்ளரை இன்னும் கொஞ்சம் சாய்த்தான். சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டாள்.

சீவா வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெயில் மட்டும் சாயவில்லை; மண்சுவர்களிலிருந்து அனல் அடித்தது. கழுதை வண்டிக்காரன் அவளை மூட்டை மாதிரித் தூக்கி வைத்து, பேரீச்சந்தோப்புகளுக்கு நடுவே தக்ரூர் மலையடிக்குக் கொண்டுபோனான். சனூசி என்பவர் அங்கே மணல் வைத்தியம் செய்கிறவர். ஆண்களை அவர் புதைப்பார், பெண்களை அவர் தங்கை ஃபத்தூம். தங்குவதற்கு மண்ணில் எழுப்பிய அறைகள். தஃபீதாவின் அறையில் தந்தா நகரத்திலிருந்து வந்த அஸ்மத் என்ற பருத்த பெண்மணி முந்தைய நாளே மணலில் படுத்து எழுந்து, கம்பளியைச் சுற்றிக்கொண்டு வெந்தயக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தாள்.

“நரகம் எப்படியிருக்கும்னு பார்த்துட்டு வந்துட்டேன்க்கா,” என்றாள் அஸ்மத். “இனிமே எவ்வளவு வேணும்னாலும் பாவம் பண்ணலாம். பழகிப்போச்சு.”

தஃபீதா வாய்விட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. விரல் நிமிர்ந்தால் முதலில் என்ன செய்வது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். அஸ்மத் மருமகள் கன்னத்தில் ஒரு அறை விடுவாளாம். தஃபீதா தன் தலையைத் தானே வாரிக்கொள்வாளாம்.

காலையில் சனூசி புதிதாக வந்தவர்களை முற்றத்தில் உட்காரவைத்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

“சர்க்கரை இருக்காம்மா?”

“இல்ல.”

“பிரஷர்?”

“இல்ல.”

“நெஞ்சுல வலி, படபடப்பு?”

“இந்தாளைக் கட்டின நாள்லேர்ந்து இருக்கு. அதுக்கு முன்னாடி இல்ல.”

முற்றமே சிரித்தது. சனூசியும் சிரித்தார். ஆனால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்ச நேரம் விடாமல் இருந்தார். பிறகு பயூமி பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க. போன வருஷம் ஒரு அம்மா ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டுப் படுத்தாங்க. அவங்களைப் பெட்டியிலதான் ஊருக்கு அனுப்பினோம்.”

பயூமி தன் செருப்பைப் பார்த்தான். தஃபீதா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வால்வு கெட்டிருக்குன்னு டாக்டர் சொன்னாரு,” என்றான் பயூமி.

“யோவ்!” என்றாள் அவள்.

சனூசி கையை விட்டார். “என்னால முடியாதும்மா. கோவிச்சுக்காதீங்க. பஸ் வர்ற வரைக்கும் நிழல்ல இருங்க, சாப்பிடுங்க, போங்க.”

“என் உயிருக்கு நானே பொறுப்புன்னு ரேகை வச்சுத் தர்றேன்.”

“அதை வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது? ஏதாவது ஆச்சுன்னா தோண்டி எடுக்கிறது நானும் என் தங்கச்சியும்தானே.”

அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அறையில் பயூமி ரொட்டியையும் வெண்ணெய்க்கட்டியையும் அவள் முன்னால் வைத்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எனக்கு உயிரைக் குடுத்துட்டதா நினைக்கிற, இல்ல? என்ன உயிருய்யா இது? குடிக்க ஒரு ஆளு, கழுவ ஒரு ஆளு. எனக்கு வேணாம். நீயே வச்சுக்க.”

“நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?”

“நான் இருந்து என்ன பண்றேன்?”

அவன் ரொட்டியை மறுபடி துணியில் சுற்றிவைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தான்.

மறுநாள் உச்சி வெயிலில் ஃபத்தூம் பெண்களைக் குழிகளில் கிடத்திக்கொண்டிருந்தாள். தஃபீதா தட்டி மறைப்புக்கு உள்ளே, நிழலில் இருந்தாள். அஸ்மத்தின் முனகல் கேட்டது. தஃபீதா உட்கார்ந்தபடியே பின்பக்கத்தால் நகர்ந்து நகர்ந்து, யாரும் படுக்காத ஒரு குழியின் ஓரத்துக்குப் போனாள். இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை மணலுக்குள் விட்டாள். சுட்டது. எடுக்கவில்லை. கொஞ்சத்தில் சூடு எலும்புக்குள் இறங்கி, அங்கே நெடுநாளாக இறுகிக் கிடந்த எதையோ பிடித்து அவிழ்ப்பதுபோல இருந்தது.

நிமிர்ந்தபோது ஃபத்தூம் நின்றிருந்தாள். அவள் பேசுவது சீவா பாஷை, அரபி அரைகுறை. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, “இது இல்லை” என்றாள். பிறகு அண்ணன் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு மண்டியிட்டாள். தஃபீதாவின் கால்களை நீட்டி, முழங்கால் மட்டும் மூடும்படி மணலைத் தள்ளினாள். தஃபீதா அழுதாள். வலியாலா வேறெதனாலா என்று ஃபத்தூமும் கேட்கவில்லை.

அன்று மாலை அவள் வெந்தயக் கஷாயத்தை ஒரு கையால் பிடித்துக் குடித்தாள். சுண்டுவிரல் நிமிர்ந்து, மோதிரவிரல் பாதி வந்திருந்தது. கொட்டிவிடுமோ என்று அஸ்மத் எட்டி வந்தாள், கொட்டவில்லை. வாசலில் பயூமி தலை தெரிந்ததும் தஃபீதா தம்ளரை வைத்துவிட்டுக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். அவன் பார்த்திருப்பான்.

விஷயம் சனூசிக்குத் தெரிந்து தங்கையைத் தங்கள் பாஷையில் கடுமையாகத் திட்டினார். அதன்பின் ஃபத்தூம் தஃபீதா பக்கம் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார்கள். கடல் காற்று பட்டதுமே மூட்டுகளில் பழைய இறுக்கம் தொடங்கியது. மழைக்காலம் வருவதற்குள் சுண்டுவிரலும் உள்ளே போய்விட்டது.

பயூமி முன்பு போலவே அவளைத் தூக்கினான், கழுவினான், ஊட்டினான். அவள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். ஊரே பயந்த அந்த வாய் அதற்கு மட்டும்தான் திறந்தது. ஒருநாள் தலை வாரிவிடும்போது அவன் கேட்டான்: “அன்னிக்கு நான் சும்மா இருந்திருக்கணுமா?” அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிக்கு எடுத்து முடித்து, பின்னலை நுனியில் கட்டிவிட்டு அவன் எழுந்துபோனான்.

மறு வருஷம் நடவுக்குத் தண்ணீர் இறைக்கும்போது, வாய்க்கால் மோட்டார்மேல் குனிந்தவன் அப்படியே சரிந்தான். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அவன் நெஞ்சில் அதுவரை யாரும் குழலை வைத்துக் கேட்டதில்லை.

உடலை வீட்டிலிருந்து எடுத்தபோது அவளைத் தூக்கிக் காட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. கூட்டத்தின் முதுகுதான் தெரிந்தது. சொல்ல வேண்டியது ஏதோ இருந்தது அவளுக்கு. அவன் செய்தது சரி என்றா, தப்பு என்றா என்பது அவளுக்கே நிச்சயமில்லை.

இப்போது ஊட்டிவிடுவது மருமகள் நகாத். கெட்டவள் இல்லை, வேலை அதிகம், அவசர அவசரமாக ஊட்டுவாள். ஒருநாள் தஃபீதா மகனிடம் கேட்டாள்:

“உங்கப்பாகிட்ட என்னை ஒருதடவை கூட்டிட்டுப் போடா.”

“கபருக்குப் போற வழியெல்லாம் வரப்புதானேம்மா. வண்டி போகாது. அறுப்பு முடியட்டும், காஞ்சதும் தூக்கிட்டுப் போறேன்.”

அறுப்பு முடிந்தது. ரகப் கட்டட வேலைக்கு நகரத்துக்குப் போய்விட்டான். வயல்களில் மறுபடி தண்ணீர் விட்டார்கள். நகாத் சோற்றுக் கரண்டியை நீட்டினாள். தஃபீதா வாயைத் திறந்தாள்.