அமுதா அக்காவுக்கு வந்த நாற்பத்தொரு கடிதங்கள்

ஒரு பெண்ணின் தையல் கூடம் மூடப்பட்டதற்குக் காரணம் நான். அவருக்கு வந்த கடிதங்களை அழித்தவளும் நான். இந்த இரண்டையும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உங்களிடம் சொல்கிறேன். உங்களை எனக்குத் தெரியாது, அதுதான் வசதி. தெரிந்தவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிச்சல் எனக்குக் கிடையாது.

நான் இணையதளங்கள் வடிவமைப்பவள். ஆவடி பருத்திப்பட்டில், ஏரிக்குப் பக்கத்தில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். கணவர் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் கிளம்பிப் போனபின் சாப்பாட்டு மேசைதான் என் அலுவலகம். சிறுதொழில் செய்பவர்களின் பழைய தளங்களைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டிக் கொடுப்பது என் பிழைப்பு.

அவ்வப்போது தொழில்முனைவோர் கூட்டங்களில் பேசவும் கூப்பிடுவார்கள். "தளத்தை ஒழுங்காக மாற்றியமைத்தால் உங்களைத் தேடி ஆட்கள் வருவார்கள்" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்வேன். உதாரணமும் வைத்திருக்கிறேன். திருமழிசையில் ஒரு சின்னத் தையல் கூடம். புதிய தளம் வந்த சில வாரங்களிலேயே விசாரணைகள் வந்து குவிந்தன என்பேன். எல்லோரும் குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை! அந்தத் தையல் கூடம் இப்போது எப்படி நடக்கிறது என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

அந்தக் கூடத்தை நடத்தியவர் அமுதா அக்கா. அவருடைய அப்பாவும் அம்மாவும் திருமழிசைப் பக்கம் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அக்கா பதினெட்டு வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்தார். பதினைந்து வருடம் காலர் மட்டுமே தைத்தார். பிறகு, முழுச் சட்டையையும் தானே தைக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்து, வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஆரம்பித்தார். ஆறு எந்திரங்கள், அவரையும் சேர்த்து ஆறு பெண்கள். பள்ளிச் சீருடை, செவிலியர் சீருடை, காவலாளிச் சீருடை, எல்லாம் தைப்பார்கள்.

அவர் தைத்த சட்டையை வாங்குகிறவர்கள் வெளிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். அக்கா அதை வாங்கி உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். ஒரு நூல் பிசிறு இருக்காது. அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு கர்வம் வரும். எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

என்னிடம் முதலில் வந்தபோது தன் பழைய தளத்தைக் கைப்பேசியில் திறந்து நீட்டினார்.

"இத்தப் பாரு கண்ணு. இத்தப் பாத்தா யாருக்காச்சும் துணி குடுக்கத் தோணுமா? எனக்கே தோணல."

சிரித்துவிட்டேன். எழுத்துகள் ஓடின, பூக்கள் மின்னின, யாரோ வெள்ளைக்காரப் பெண் கோட்டு போட்டுக்கொண்டு நின்றாள். எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பில், பெரிதாக, அக்காவின் கைப்பேசி எண் துள்ளிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கூடத்திலேயே உட்கார்ந்து படம் எடுத்தேன். அந்த வெள்ளைக்காரியை அனுப்பிவிட்டு அக்காவின் கைகளை வைத்தேன். ஆறு பெண்களும் சிரிக்கிற படத்தை வைத்தேன். உள்பக்கத் தையலை மிக அருகில் எடுத்து முதல் பக்கத்திலேயே போட்டேன். பிரமாதமாக வந்திருந்தது! இன்றுவரை நான் செய்த தளங்களில் அதுதான் அழகு.

கைப்பேசி எண்ணை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு படிவம். பெயர், தொடர்பு எண், தேவை, எத்தனை உருப்படி, எப்போது வேண்டும்... நிரப்பி அனுப்பினால் அது மின்னஞ்சலாக வந்து சேரும்.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "நம்பர எட்த்துட்டா எப்டி கண்ணு பேசுவாங்க? நமக்கு வர்றவங்கல்லாம் போன் பண்ணிகினு வர்றவங்கதான்."

"தைக்கும்போது போன் அடிச்சுக்கிட்டே இருந்தா வேலை கெடும்க்கா. பெரிய இடத்துக்காரங்க எழுதித்தான் கேப்பாங்க. இதுதான் மரியாதையா இருக்கும்."

"படிச்சவ நீ சொல்ற. செய்யி."

இனிமேல்தான் என் குற்றம் ஆரம்பிக்கிறது. இதற்குக் கொஞ்சம் என் தொழிலைச் சொல்ல வேண்டும்.

படிவம் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று நாங்கள்தான் எழுதி வைக்கிறோம். தளத்தைக் கட்டும்போது என்னுடைய சோதனை முகவரி ஒன்றைப் போட்டுவிடுவேன். எல்லா வேலைக்கும் அதே பெட்டிதான். வேலை முடிந்து தளத்தை ஒப்படைக்கும்போது அதை எடுத்துவிட்டு வாடிக்கையாளரின் முகவரியைப் போட வேண்டும். அக்காவின் தளத்தில் அதை நான் மாற்றவில்லை. சரிபார்த்தேனா என்றால், சரிபார்த்தேன்! படிவத்தை நானே நிரப்பி அனுப்பினேன். வந்து சேர்ந்தது... என் பெட்டிக்கு. வேலை செய்கிறது என்று குறித்துக்கொண்டு கணினியை மூடினேன்.

அன்று மகளுக்குக் காய்ச்சல், கையில் வேறு இரண்டு வேலைகள்... இப்படி ஏதாவது சொல்லலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது? மறந்துபோனேன், அவ்வளவுதான். மறதியை மன்னித்துவிடலாம். நீங்கள்கூட மன்னித்துவிடுவீர்கள். அதனால்தான் மறதியோடு நிறுத்தாமல் மீதியையும் சொல்கிறேன்.

அக்கா தினமும் காலையில் கைப்பேசியில் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தார். அதை எப்படித் திறப்பது என்று நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன்.

"கண்ணு, இன்னும் ஒண்ணும் வர்லியே..."

பொறுங்கள், தேடலில் மேலே வர மூன்று மாதம் ஆகும் என்றேன். பொறுத்தார். பழைய தளத்தைப் பார்த்துப் போன் செய்துகொண்டிருந்தவர்களும் நின்றுபோனார்கள், எண்தான் இல்லையே!

தளத்துக்கு வருகிறவர்களின் கணக்கு என்னிடம் இருந்தது. ஆட்கள் வந்தார்கள். உள்பக்கத் தையலின் படத்தில் வெகுநேரம் நின்றார்கள். படிவம் இருக்கும் பக்கம்வரை போனார்கள். இதைப் பார்த்த பிறகாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வந்தது. ஆனால் என் வேலையின்மேல் வரவில்லை, அவர் வேலையின்மேல் வந்தது.

"பாக்குறாங்கக்கா, ஆனா கேக்காம போயிடறாங்க. விலை ஜாஸ்தின்னு நினைக்கிறாங்க போல" என்றேன்.

விலையைக் குறைத்தார். தளத்தில் அதைப் போட்டதும், பழைய வாடிக்கையாளர்கள் எங்களுக்கும் அதே விலை வேண்டும் என்று வந்து நின்றார்கள். அப்போதும் நான் நிறுத்தவில்லை. தையலில் புதுமை போதவில்லையோ என்றேன். சட்டைப் பித்தானை ஒழுங்காகத் தைக்கத் தெரியாத நான்... அமுதா அக்காவிடம்... தையல் போதவில்லை என்றேன்!

அதன்பிறகு அவர் யாருக்கும் சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டி நான் பார்த்ததில்லை.

வேலை குறையக் குறைய, கூட இருந்த பெண்கள் ஒவ்வொருவராக வேறு இடம் தேடிப் போனார்கள். யாரையும் அக்கா குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டுமே.

ஐந்தாவது மாதத்தில் ஒரு மத்தியானம். அம்பத்தூரில் மரப்பெட்டி செய்யும் ஒருவருக்காக ஒரு தளம் கட்டிக்கொண்டிருந்தேன். இடையில் செய்த தளங்கள் எதிலும் படிவம் இல்லை; அவருடைய படிவத்தைச் சரிபார்க்க, பல மாதங்களுக்குப் பிறகு அந்தச் சோதனைப் பெட்டியைத் திறந்தேன்.

படிக்கப்படாதவை நாற்பத்தொன்று.

ஏதோ விளம்பரக் குப்பை என்றுதான் முதலில் நினைத்தேன். திறந்தேன். ஒரு திருமண மண்டபத்தில் பரிமாறுகிறவர்களுக்குச் சட்டை வேண்டுமாம். ஒரு மருத்துவமனைக்குச் செவிலியர் உடைகள். முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியிலிருந்து மூன்று முறை எழுதியிருந்தார்கள். முதலில் சீருடை வேண்டும் என்று, பிறகு நினைவூட்டி, மூன்றாவதில், உங்களுக்கு விருப்பமில்லை என்று புரிந்துகொண்டு வேறிடத்தில் கொடுத்துவிட்டோம் என்று.

இன்னொருவர் எழுதியிருந்தது அப்படியே மனப்பாடமாக இருக்கிறது. "உள்பக்கத் தையலின் படத்தைப் பார்த்தோம். இப்படித் தைப்பவர்களைத்தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தோம்."

மின்விசிறியை நிறுத்திவிட்டேன், எதற்கென்று தெரியவில்லை.

கைப்பேசி பக்கத்திலேயே இருந்தது. அக்காவின் எண்ணை அழுத்தி, "அக்கா, என் தப்பு. உங்களத் தேடி நாப்பத்தோரு லெட்டர் வந்திருக்கு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பெட்டியில் துணி வேண்டிய தேதி அன்றைக்கும் தாண்டாத விசாரணைகள் ஏழெட்டாவது இருந்தன. அன்றே அவற்றைக் கொடுத்திருந்தால் கூடம் பிழைத்திருக்கும். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்துதான் செய்தேன்.

என்ன செய்தேன் தெரியுமா? முதலில் முகவரியை மாற்றினேன். பிறகு, கடைசியாக வந்திருந்த இரண்டு விசாரணைகளை மட்டும் எடுத்து, நானே அந்தப் படிவத்தில் திரும்பத் தட்டச்சு செய்து அனுப்பினேன், இப்போதுதான் வந்ததுபோல அக்காவுக்குப் போய்ச் சேரட்டும் என்று. எல்லாவற்றையும் அனுப்பினால் குட்டு உடைந்துவிடும் அல்லவா? மீதியை மொத்தமாகக் குறியிட்டு அழித்தேன். குப்பைக் கூடையையும் திறந்து காலி செய்தேன். அவ்வளவு பயத்திலும் எவ்வளவு நேர்த்தி!

சற்று நேரத்தில் அக்கா கூப்பிட்டார்.

"கண்ணு! வந்துச்சி கண்ணு! ரெண்டு வந்து கீது! நீ சொன்னியே, பொறுத்துக்கோன்னு... நல்லா இருப்பம்மா நீ!"

அந்தச் சந்தோஷத்தை நான் கேட்டேன். கேட்டுவிட்டு, "நான்தான் சொன்னேன்லக்கா" என்றேன். ஐயோ, எப்படி வந்தது அந்த வார்த்தை என் வாயில்!

சாயங்காலம் மறுபடி அழைத்தார். குரல் இறங்கியிருந்தது. ஒருவர் வேறிடத்தில் கொடுத்துவிட்டாராம். இன்னொருவர், இரண்டு வாரமாகப் பதிலே போடாதவர்களை நம்பி எப்படித் துணி கொடுப்பது என்று கேட்டாராம்.

"இன்னிக்குத்தானே வந்துச்சி. ரெண்டு வாரம்னு சொல்றாரே, இன்னா கண்ணு இது?"

"சில சமயம் வழியில மாட்டிக்கும்க்கா. இன்டர்நெட்ல அப்படி நடக்கும்."

"அப்டியா... சரி கண்ணு."

நம்பிவிட்டார்! கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம். சந்தேகப்பட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கடிந்து கேட்டிருந்தால் உடைந்துபோய்ச் சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். இதுவும் பழியை அவர்மேல் தள்ளுகிற தந்திரம்தானே?

அதன்பிறகு விசாரணைகள் சரியாக அவருக்குப் போயின. ஆனால் தைக்க ஆள் இல்லை. பள்ளிச் சீருடைக் காலமும் முடிந்துவிட்டது. ஒரு மாதம் தள்ளிப் பார்த்தார். பிறகு ஆறு எந்திரங்களையும் ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அன்று நான் அங்கே போயிருந்தேன். எந்திரம் ஏற்ற ஒரு கை கொடுத்தேன். என் தோளைத் தட்டி, "நீ இன்னா பண்ணுவ கண்ணு, நம்ம ராசி அப்டி" என்றார்.

இப்போது அவர் மறுபடி அம்பத்தூர் எஸ்டேட்டில், ஓர் ஆடை நிறுவனத்தில். மறுபடி காலர்.

போன மாதம் எஸ்டேட் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். கழுத்தில் நிறுவனத்தின் அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. மகளைப் பற்றி விசாரித்தார். இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சத்தியமாக முடிவு செய்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார்.

"ஒண்ணு கேக்கட்டா கண்ணு? மறைக்காம சொல்லணும்."

தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். நம்புவீர்களா, எனக்கு நிம்மதியாக இருந்தது! கேளுங்கள் அக்கா, கேளுங்கள்...

"அந்த வெப்சைட்டு போட்டியே... அத்தப் பாத்துட்டு, தையல் நல்லா கீதுன்னு ஒருத்தராச்சும் உன்னாண்ட சொன்னாங்களா? ஆர்டர் குடுக்காட்டிப் போவட்டும். சும்மா, வாய்வார்த்தைக்கு... ஒருத்தராச்சும்?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்றால், யார் என்பார். எப்போது என்பார். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்பார்.

"இல்லக்கா" என்றேன்.

"சரி வுடு. நானும் அப்டித்தான் நெனச்சேன். அதான் ஊட்ல இருந்த மிசினையும் குடுத்துட்டேன்" என்றார். பூந்தமல்லிப் பேருந்து வந்தது. கூட்டத்தில் முண்டி ஏறி, சன்னலோரம் இடம் கிடைத்து, அங்கிருந்தும் எனக்குக் கை காட்டினார்.

நாற்பத்தொரு கடிதங்கள் வந்தன. அதை உங்களிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.